மாதச் சம்பள ஒற்றன்

(சித்தூரில் மாலை அவையொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழ் அவை என்றால் கம்பரோ வள்ளுவரோ வந்தாக வேண்டும் என்பது நம் வழக்கம். வள்ளுவர் இன்றும் வருவார், கொஞ்சம் தாமதமாக. நான் பேச வந்திருப்பது ஓர் இந்தித் தொடரைப் பற்றி: 'தி ஃபேமிலி மேன்'. முதல் சீசன் 2019 செப்டம்பர் 20 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. இரண்டாவது 2021 ஜூன் 4. மூன்றாவது 2025 நவம்பர் 21. உளவுத்துறைக் கதை. கதாநாயகன் ஸ்ரீகாந்த் திவாரி. நடித்தவர் மனோஜ் பாஜ்பாய். பீகார்க்காரர் நடித்த இந்தித் தொடருக்கும் சித்தூர்த் தமிழ் அவைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முகத்தில் தெரிகிறது. தொடரைப் படைத்தவர்கள் இருவர். ராஜ் நிடிமோரு திருப்பதிக்காரர். டி.கே. என்று எல்லாரும் கூப்பிடும் கிருஷ்ணா தாசரகொத்தபள்ளி நம் சித்தூர்க்காரர். இருவரும் சந்தித்தது திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துப் பொறியியல் கல்லூரியில்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் பெரிய ஆளாகிவிட்டார்கள் என்று பொன்னாடை போர்த்திவிட்டுப் போவது சுலபம். அதற்காக நான் வரவில்லை. இந்தத் தொடரில் எது நன்றாக வந்ததோ, அது இந்த வட்டாரத்துக் காதால் வந்தது. எது கோணலாகப் போனதோ, அதுவும் இங்கே உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத்தான் தெளிவாகத் தெரியும். இதுதான் என் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்கள் கடைசியில் சண்டைக்கு வரலாம்.

முதலில் ஊர். 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமே இந்தச் சித்தூர்தான். அந்த ஆண்டுதான் தனி மாவட்டம் ஆனது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போனது. இந்த ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகத்தாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் உங்களில் பலருடைய வீட்டுக் கதை. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடவெல்லையாகச் சொல்லும் வேங்கடம் நம் கண்ணெதிரே நிற்கிறது, நாம் மலையடிவாரத்தில் தெலுங்கில் டிக்கெட் வாங்குகிறோம். அந்தப் பழைய கணக்கைத் தீர்க்க இந்த மேடை போதாது. நான் சொல்ல வருவது வேறு. இங்கே வளர்கிற பிள்ளைக்கு மொழி மாறுவது மூச்சு விடுவதுபோல. வேலூர் பஸ் கண்டக்டர் படியில் நின்று "ரண்டி, ரண்டி" என்று ஆளை ஏற்றுவார். உள்ளே வந்ததும் "சில்லறையா குடுங்கம்மா" என்பார். மார்க்கெட்டில் விலை கேட்பது தெலுங்கில், பேரம் தமிழில், சண்டை முற்றினால் எது முதலில் வாயில் வருகிறதோ அதில். எதிராளி எந்த மொழியில் பேசுகிறான், அந்த மொழியை எவ்வளவு தூரம் நிஜமாகப் பேசுகிறான், எங்கே நடிக்கிறான் என்பதை நம் ஆட்கள் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சினிமாவுக்கு இது புதிதும் இல்லை. சித்தூர் வி. நாகையாவை நினைத்துப் பாருங்கள். பிறந்தது குண்டூர்ப் பக்கத்து ரேபல்லேயில். இங்கே ராம விலாச சபை நாடகங்களில் நடித்துப் பேர் வாங்கியதால் ஊர்ப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1941-இல் 'அசோக்குமார்' படத்தில் பாகவதரோடு, 1945-இல் 'மீரா'வில் எம்.எஸ். அம்மாவோடு நடித்தார். தெலுங்குக்காரர் என்று அவரை யாரும் தமிழ்ப் படத்தில் தனியாகப் பிரித்து வைக்கவில்லை.

ராஜும் டி.கே.யும் போன வழி வேறு. அந்தக் காலத்துத் திருப்பதிப் பொறியியல் மாணவர் போகிற வழியிலேயே போனார்கள்: அமெரிக்கா, சாஃப்ட்வேர் வேலை. சினிமாப் பள்ளியில் படித்தவர்கள் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே குறும்படம் எடுத்துப் பழகினார்கள். 2003-இல் 'ஃப்ளேவர்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் படம், அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களைப் பற்றி. பிறகு மும்பை. 2009-இல் '99', சிம் கார்டு மோசடியும் கிரிக்கெட் சூதாட்டமும். 2011-இல் 'ஷோர் இன் தி சிட்டி'. 2013-இல் 'கோ கோவா கான்', கோவாவில் பிணங்கள் எழுந்து நடக்கும் நகைச்சுவைப் படம். எல்லாவற்றிலும் ஒரு பொதுக்குணம் உண்டு. பெரிய விபரீதத்தின் நடுவே சின்ன மனிதர்கள் மாட்டிக்கொண்டு, தங்களுடைய சின்னக் கவலைகளை விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

2017-இல் 'எ ஜென்டில்மேன்' எடுத்தார்கள். ஓடவில்லை. ஆனால் 'ஃபேமிலி மேன்' எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்தப் படத்தைத்தான் பார்க்க வேண்டும். ரகசிய ஏஜென்டாக இருந்தவனுக்கு அதெல்லாம் வேண்டாம். சொந்த வீடு வேண்டும், குடும்பத்தை ஏற்றிப் போக வண்டி வேண்டும், கல்யாணம் வேண்டும். யோசனை நல்ல யோசனை. கதாநாயகன் சித்தார்த் மல்ஹோத்ரா அழகாக இருக்கிறார், வீடு அமெரிக்காவில் இருக்கிறது, வண்டி பளபளக்கிறது. இவனுக்கு என்ன கஷ்டம் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. அதே யோசனையைத் திருப்பிப் போட்டார்கள். ஒற்றனுக்குக் குடும்பம் வேண்டும் என்ற கதை, குடும்பம் ஏற்கெனவே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒற்றன் என்ன செய்வான் என்ற கதையாயிற்று. ஆளும் மாறினார்: கண்ணுக்குக் கீழே கருவளையமும், தூங்கி எழுந்த சட்டையும், பொய் சொல்லும்போது கொஞ்சம் நீளும் பேச்சுமாக மனோஜ் பாஜ்பாய். தோற்ற படத்தைத் தூக்கிப் போடாமல் திரும்ப எழுதத் தெரிந்தவர்கள் இவர்கள்.

ஸ்ரீகாந்த் வேலை செய்வது டாஸ்க் என்ற பிரிவில். தேசியப் புலனாய்வு முகமைக்குக் கீழே இருப்பதாகக் கதை சொல்கிறது. அந்தப் பிரிவு கற்பனை. முகமை நிஜம்: மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி வந்தது. ஸ்ரீகாந்துக்கு மாதச் சம்பளம். மும்பையில் சின்ன ஃபிளாட். வீட்டுக் கடனுக்காக வங்கியில் போய் நிற்கிறான். மகளின் பள்ளியிலிருந்து கூப்பிடுகிறார்கள். அங்கே போய்ப் பிரின்சிபால் எதிரே கைகட்டி உட்காரும்போது ஒரு கண் ஃபோனில் இருக்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் எங்கோ ஒருவனைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை அப்பா ஏதோ அரசாங்க ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவர். மனைவி சுசித்ரா தமிழ்ப் பெண். பிரியாமணி நடித்திருக்கிறார், 'பருத்திவீர'னுக்காகத் தேசிய விருது வாங்கிய நம் முத்தழகு. அவளுக்கு வேலையின் பெயர் தெரியும், வேலை என்ன என்பது முழுதாகத் தெரியாது.

இங்கேதான் வள்ளுவர் வருகிறார். ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், ஐம்பத்தொன்பதாவது. ஒற்றரை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைக்க வேண்டும், மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. அதிகாரத்தை முடிக்கும் குறளின் கருத்துதான் எனக்கு முக்கியம்: ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யக்கூடாது, செய்தால் மறைபொருளை அரசனே வெளியே போட்டதாகும். அரசனுக்குச் சொன்ன புத்திமதி இது. அந்த ஒற்றன் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? வள்ளுவர் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடமும் அதுவல்ல. ராஜும் டி.கே.யும் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். நாட்டைக் காப்பாற்றிவிட்டு வந்தவனிடம், பால் வாங்கி வந்தாயா என்று மனைவி கேட்டால், அவன் என்ன பதில் சொல்வான்? சொல்லக்கூடாத பெருமையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொல்லத் தெரியாத மன்னிப்பைத் தேடுவான். மனோஜ் பாஜ்பாயின் நடிப்பு முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஒற்றனை இப்படி இறக்கி வைத்தது இவர்கள்தான் முதல் என்று சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்த ஜான் லெ காரே எழுதிய ஜார்ஜ் ஸ்மைலியை 1979-இல் பி.பி.சி. தொடராக்கியது, அலெக் கின்னஸ் நடித்தார். ஸ்மைலியின் மனைவியும் கூடவே இருந்து நிம்மதியைத் தந்தவள் அல்ல. அமெரிக்காவில் 'தி அமெரிக்கன்ஸ்' என்று ஒரு தொடர், 2013 முதல் 2018 வரை. சி.ஐ.ஏ.வில் இருந்த ஜோ வைஸ்பெர்க் படைத்தது. கணவனும் மனைவியும் சோவியத் ஒற்றர்கள், பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் பக்கம் வந்தால், 1966-இல் ஜெய்சங்கர் 'வல்லவன் ஒருவ'னில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார், அதே ஆண்டில் தெலுங்கில் கிருஷ்ணா 'கூடசாரி 116'. இருவரும் அருமையாகத் துப்பாக்கி பிடித்தார்கள். சம்பள நாள் எது என்று இருவரிடமும் யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் சீசனில் ஸ்ரீகாந்த் வேலையை விட்டுவிட்டு ஓர் ஐ.டி. கம்பெனியில் சேர்கிறான். அவனைவிட வயதில் மிகச் சின்னவன் அவனுக்கு மேலாளர். ஊக்கமூட்டுகிறேன் பேர்வழி என்று தினமும் உயிரை எடுக்கிறான். அந்தக் காட்சிகளை எழுதியவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் என்பது தெரிகிறது. கடைசியில் ஸ்ரீகாந்த் அந்தப் பையனை வெளுத்து வாங்கும்போது, ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் சென்னையிலும் எத்தனை பேர் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள்!

இனி தமிழுக்கு வருகிறேன். இந்திப் படத்தில் தமிழன் என்றால் எப்படி இருப்பான் என்று நமக்குத் தெரியும். 1968-இல் 'படோசன்' படத்தில் மெஹ்மூத் குடுமியும் திருநீறுமாகப் பாட்டு வாத்தியாராக வந்தார். 2013-இல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' வரைக்கும் அந்தக் குடுமி உருமாறி உருமாறி வந்துகொண்டே இருந்தது. 'ஃபேமிலி மேன்' இரண்டாம் சீசன் சென்னைக்கு வந்தபோது அந்த வழக்கத்தை உடைத்தது. எப்படி? தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழ் நடிகர்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்ளும்போது தமிழ். அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தால் ஒன்றுமில்லை; ஆனால் இந்தி பார்க்கும் கோடிக்கணக்கானவர்களை நிமிடக்கணக்கில் திரைக்குக் கீழே எழுத்தைப் படிக்க வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். முதல் சீசனிலேயே இதற்கு ஒத்திகை பார்த்தார்கள். நீரஜ் மாதவ் நடித்த மூஸாவும் அவன் அம்மாவும் மலையாளத்தில் பேசினார்கள்.

யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். 'டும் டும் டும்' இயக்கிய அழகம்பெருமாள் தீபனாக வந்தார். மைம் கோபி, பாஸ்கரன். தேவதர்ஷினி, உமையாள் என்ற காவல் அதிகாரி. தொண்ணூறுகளில் 'மர்மதேசம்: விடாது கருப்பு' பார்த்துவிட்டு இரவில் கொல்லைப்பக்கம் போக பயந்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள், அதே தேவதர்ஷினிதான். ரவீந்திர விஜய், முத்துப்பாண்டியன். வடக்கிலிருந்து வந்த அதிகாரிகள் தெற்கை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசும்போதெல்லாம் முத்துப்பாண்டியன் அவர்களைக் கிண்டலடிக்கிறான். சண்டை போடவில்லை, சொற்பொழிவு ஆற்றவில்லை, கிண்டலடிக்கிறான். இதுதான் ஊர்க்குணம். திரைக்கதையில் இருந்த சுமன் குமார் சென்னைக்காரர். தமிழ் வசனம் மனோஜ் குமார் கலைவாணன். சுபர்ண் வர்மாவும் சேர்ந்து இயக்கினார்.

அப்புறம் செல்லம் சார். உதய் மகேஷ் நடித்தது. ஓய்வு பெற்ற உளவு அதிகாரி, யாரையும் நம்பாதவர், எதைக் கேட்டாலும் விவரம் வைத்திருப்பவர். திரையில் வருவது கொஞ்ச நேரம். வெளியான வாரத்திலேயே நாடு முழுக்க மீம் ஆனார். கூகுளுக்குப் பதில் செல்லம் சாரைக் கேளுங்கள் என்றார்கள். அவரைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தவர் பி. ராமன். ரா என்ற இந்திய வெளிநாட்டு உளவு அமைப்பில் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர், தமிழர். ஓய்வுக்குப் பிறகு சென்னையில் இருந்துகொண்டு எழுதித் தள்ளினார். ரா அமைப்பைப் பற்றி 2007-இல் அவர் எழுதிய 'தி காவ்பாய்ஸ் ஆஃப் ரா' இன்றைக்கும் படிக்க வேண்டிய புத்தகம். 2013-இல் காலமானார். செல்லம் சார் அவர்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் சொன்னதாகவும் தெரியவில்லை. நிஜத்தில் அப்படி ஓர் இனம் உண்டு என்கிறேன். காலையில் நடைப்பயிற்சி, வீட்டில் ஃபில்டர் காபி, தலைக்குள் நாற்பது வருட ரகசியம். மயிலாப்பூரிலும் அடையாறிலும் அப்படிப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று நாம் காய்கறி வாங்கியிருப்போம்.

இதுவரை பாராட்டு. இனி வழக்கு.

சமந்தா நடித்த ராஜி. சென்னையில் மில்லில் வேலை பார்க்கும் பெண்ணாக அறிமுகம். நெரிசலான பஸ், பின்னால் உரசும் கை, அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. மில்லில் மேற்பார்வையாளன் வேறு தொல்லை. அவள் தலை குனிந்தபடியே இருக்கிறாள். அவள் பயிற்சி பெற்ற போராளி என்று நமக்குத் தெரிய வரும்போது, அந்தக் குனிந்த தலை பயத்தால் குனிந்தது அல்ல, காத்திருந்தது என்று புரிகிறது. தொடரில் மிகச் சிறந்த எழுத்து இந்தப் பகுதி என்பது என் கருத்து. ஒற்றன் எப்படி மறைந்திருப்பான் என்று ஆயிரம் படம் காட்டிவிட்டது. பெண் ஒற்றுக்கு மாறுவேடமே தேவையில்லை, ஏழைப் பெண்ணாக பஸ்ஸில் நின்றாலே போதும், அவளை யாரும் ஒரு பொருட்டாகப் பார்க்கப்போவதில்லை என்பதை இவர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அந்த முகத்துக்கு மை பூசினார்கள். பல்லாவரத்துப் பெண்ணான சமந்தாவுடைய நிறம் ஈழத்துப் போராளிக்குப் போதாது என்று யார் முடிவு செய்தது? கறுத்திருந்தால்தான் துன்பப்பட்டவள் என்று நம்புவோம் என்பது மெஹ்மூதின் குடுமிக்குச் சித்தப்பா மகன். அவள் பேசும் ஈழத்தமிழும் யாழ்ப்பாணத்துக் காதுக்கு ஒட்டாது. சென்னைத் தமிழை அவ்வளவு நுணுக்கமாகப் பிடித்தவர்கள், பாக் நீரிணையைத் தாண்டியதும் களைத்துப்போனார்கள்.

இதைவிடப் பெரியது கதையின் அச்சாணி. ஈழப் போராளிகள் பாகிஸ்தானின் ஐ.எஸ்.ஐ.யோடு கைகோத்து, சென்னைக்கு வரும் இந்தியப் பிரதமரைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்பது கதை. இயக்கத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரியும். கற்பனைக் கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் சொன்னார்கள். கற்பனைக்கும் ஒரு தரை வேண்டும். கடைசியில் ராஜி சிறு விமானத்தில் ஏறுகிறாள். அதற்குத் தரை இருக்கிறது: புலிகள் 2007 மார்ச் 26 அன்று சிறு விமானத்தைக் கொண்டு கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கினார்கள். தலைவர் ஒருவரைக் கொல்லப் பெண்ணை அனுப்புவதற்கும் தரை இருக்கிறது. அது நடந்த ஊர், இங்கிருந்து ராணிப்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போகும்போது நாம் தாண்டிப் போகிற ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21. ஐ.எஸ்.ஐ. கூட்டணிக்கு மட்டும் தரை தலைகீழாக இருக்கிறது. ஈழப் போரில் பாகிஸ்தான் நின்றது கொழும்பு அரசின் பக்கம். 2000-இல் யாழ்ப்பாணம் கைவிட்டுப் போகும் நிலை வந்தபோது இலங்கை ராணுவத்துக்குப் பல்குழல் ராக்கெட் ஏவிகளைக் கொடுத்தது பாகிஸ்தான். 2006 ஆகஸ்ட் 14 அன்று கொழும்பில் பாகிஸ்தான் தூதரின் வாகன வரிசை மேல் குண்டு வெடித்தது. புலிகள்தான் செய்தார்கள் என்றது இலங்கை அரசு. இப்படிப்பட்ட இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்கு, இந்தியத் தொடர்களில் எல்லா எதிரியும் கடைசியில் இஸ்லாமாபாத்துக்கு ரிப்போர்ட் செய்தாக வேண்டும் என்ற பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

புலிகள் செய்த கொலைகளை மறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1990-இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியது வரை எல்லாவற்றையும் திரையில் காட்டட்டும். அவர்கள் நிஜமாகச் செய்ததைக் காட்டட்டும் என்கிறேன். செய்தவற்றிலேயே வேண்டிய அளவு கதை இருக்கிறது.

எதிர்ப்பு எப்படி வந்தது என்பதும் நினைவிருக்கும். முதலில் 2021 பிப்ரவரியில் வெளிவருவதாக இருந்தது. ஜனவரியில் 'தாண்டவ்' தொடர் கிளப்பிய சர்ச்சையைப் பார்த்துத் தள்ளிவைத்தார்கள். மே 19-இல் டிரெய்லர். தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கொரோனா இரண்டாம் அலை, ஊரடங்கு, ஆக்சிஜன் தட்டுப்பாடு. அதன் நடுவே மே 24 அன்று தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ், தொடரைத் தடை செய்யக் கேட்டு ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். வைகோ, சீமான், இயக்குநர் பாரதிராஜா எல்லாரும் எதிர்த்தார்கள். எங்கள் குழுவிலேயே பலர் தமிழர், தமிழர் உணர்வை மதிக்கிறோம், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார்கள் படைப்பாளிகள். தொடர் சொன்ன தேதியில் வெளிவந்தது. தடை கேட்டதில் எனக்கு உடன்பாடில்லை. டிரெய்லரை வைத்துத் தடை கேட்டவர்கள், தொடர் வந்த பிறகு அதன் வரலாற்றுப் பிழையை விடாமல் எடுத்துக் காட்டவில்லை; சூடு ஆறிவிட்டது, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். இழப்பு நமக்குத்தான். ராஜிக்கு விருதுகள் கிடைத்தன. ஐ.எஸ்.ஐ. விஷயம் கேள்வி இல்லாமல் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ராஜுக்கும் டி.கே.க்கும் நிஜமான தரை வேண்டுமானால் அவர்களுடைய ஊர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. அலிபிரியை மறந்திருக்க மாட்டீர்கள். 2003 அக்டோபர் 1, முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு மலைக்குப் போகும் பாதையில் நக்சலைட்டுகள் வைத்த கண்ணிவெடி. நான் அதிகம் யோசிப்பது புத்தூரை. எலும்பு முறிந்தால் தமிழ்நாடே கட்டுப் போட வரும் அதே புத்தூர், அன்றைய சித்தூர் மாவட்டம். 2013 அக்டோபர் 5. தமிழ்நாட்டில் கொலை வழக்குகளில் தேடப்பட்ட இருவர் அங்கே ஒரு வாடகை வீட்டில் இருப்பதாகத் தகவல் கிடைத்து, தமிழ்நாட்டுச் சிறப்புப் புலனாய்வுக் குழு விடியுமுன்பே எல்லை தாண்டி வந்தது. கதவைத் திறந்ததும் மோதல். ஓர் இன்ஸ்பெக்டருக்குப் பலத்த காயம். ஆந்திரப் போலீசின் ஆக்டோபஸ் கமாண்டோக்கள் வந்தார்கள். தெருவைக் காலி செய்து, மணிக்கணக்கில் முற்றுகை. உள்ளே அந்த இருவர் மட்டும் இல்லை. ஒரு பெண், மூன்று குழந்தைகள். முதலில் அவர்கள் வெளியே வந்தார்கள், அப்புறம் அந்த இருவரும் சரணடைந்தார்கள்.

அந்தக் காலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழ் பேசும் போலீஸ், தெலுங்கு பேசும் கமாண்டோ, மாடியில் நின்று இரண்டு மொழியிலும் ஆலோசனை சொல்லும் அக்கம்பக்கத்தார். "பால்காரர் வந்தா உள்ளே விடலாமா சார்" என்று கேட்க ஒருவர் நிச்சயம் இருந்திருப்பார். பூட்டிய வீட்டுக்குள் இருப்பவனும் ஒரு ஃபேமிலி மேன். வெளியே காயம்பட்டுக் கிடப்பவருக்கும் வீட்டில் யாரோ ஃபோன் அடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் சீசனில் தமிழ்நாட்டுக் காவல் நிலையம் ஒன்றைப் போராளிகள் சூழ்ந்து தாக்கும் நீண்ட காட்சி இருக்கிறது, அற்புதமாக எடுத்திருக்கிறார்கள். அதை எடுக்கத் தெரிந்த கைகளுக்குப் புத்தூர்த் தெரு ஒன்றும் கஷ்டமில்லை. இதில் ஐ.எஸ்.ஐ. தேவைப்படாது.

இவர்கள் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்காதவர்கள் என்று சொல்ல முடியாது. 2021-இல் இவர்கள் தயாரித்த 'சினிமா பண்டி' தெலுங்குப் படம், ஆந்திர-கர்நாடக எல்லைக் கிராமத்துக் கதை. ஆட்டோவில் யாரோ விட்டுப்போன கேமராவை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் சினிமா எடுக்கக் கிளம்புகிறார்கள். பேசுவது நம் பக்கத்துப் பேச்சுக்கு ரொம்பத் தூரமில்லை. பார்க்காதவர்கள் பாருங்கள், ஒன்றரை மணி நேரம்தான். அவர்களோடு எழுதிய சுமன் குமார் 2024 ஆகஸ்ட் 15-இல் 'ரகு தாத்தா' என்று ஒரு தமிழ்ப் படம் இயக்கி வெளியிட்டார். இந்தித் திணிப்பை எதிர்க்கும் பெண்ணாகக் கீர்த்தி சுரேஷ். மாப்பிள்ளையாக நம் முத்துப்பாண்டியன் ரவீந்திர விஜய். இந்தித் தொடர் எழுதிச் சம்பாதித்தவர், அந்தச் சூட்டோடு இந்தி எதிர்ப்புக் கதை எடுக்கிறார்! இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் வடக்கெல்லையில் வாழத் தகுதியில்லாதவர்கள்.

மூன்றாம் சீசனில் ஸ்ரீகாந்த் வடகிழக்குக்குப் போயிருக்கிறான். நாகாலாந்து, மியான்மர் எல்லை. உடன் நடித்தவர்கள் ஜெய்தீப் அஹ்லாவத், நிம்ரத் கவுர். அங்கேயும் அவரவர் மொழியில் பேசுகிறார்கள், அதே அக்கறை தெரிகிறது. வரலாற்றில் அங்கே எதைத் தலைகீழாக்கினார்கள் என்று எனக்குக் கோஹிமாவில் பத்து வருஷம் குடியிருந்தால்தான் தெரியும். அங்கேயும் ஒரு சங்கம் இருக்கும், ஒரு மாலை அவை கூடும், யாராவது ஒருவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு இதே தொடரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அவர் பேச்சு அச்சில் வந்தால் எனக்கு ஒரு பிரதி வேண்டும். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெலுங்கிலும் கேட்கலாம்.